மின்னுவது எந்தப் புரதம்?

ஃபுளோரின்-18 யாருக்காகவும் காத்திருக்காது. சைக்ளோட்ரான் இயந்திரத்தில் உருவான நொடியிலிருந்து, 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிக்கொண்டே வரும். புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலிருந்து அதைக் காரீயக் கலத்துக்குள் வைத்து வடக்கே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஈப்போவையும் தைப்பிங்கையும் தாண்டி, பினாங்குப் பாலம் ஏறி, ஜார்ஜ்டவுன் பெருமருத்துவமனைக்கு வந்து சேர நாலரை மணி நேரம் பிடித்தால், கிளம்பியபோது இருந்த வீரியத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதே பாதையில் கார்பன்-11 வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். வாசலில் வண்டி நிற்கும்போது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

உயிரோடு இருப்பவரின் மூளையில் படிந்த புரதத்தைப் படமெடுக்கும் கலை தொடக்கத்தில் பெரும்பாலும் இந்தக் கார்பன்-11ஐ நம்பியே வளர்ந்தது. அதனால் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்கும் ஒருசில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் அது பல ஆண்டுகள் சொந்தமாக இருந்தது. ஃபுளோரின்-18 ஏறிய தடங்காட்டிகள், அதாவது ஊசியில் ஏற்றும் கதிரியக்கத் திரவங்கள், வந்த பிறகே பினாங்கு போன்ற ஊர்களில் இந்த ஸ்கேனைப் பற்றிப் பேசுவதற்கு அர்த்தம் உண்டானது. ஆனால் தூரத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊசியில் ஏற்றும் அந்தத் திரவம் மூளையில் எதன்மேல் போய் ஒட்டுகிறது? படத்தில் மின்னுவது நாம் தேடும் புரதம்தானா? அதை யார், எப்படி, எந்த மூளைகளில் உரசிப் பார்த்தார்கள்?

மலேசியாவில் இது சிலருக்கு மட்டுமான கேள்வி அல்ல. 2018ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று கணித்தது. அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அம்மாவுக்குப் பழகிய சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்ப வழி தெரியவில்லை என்று மருத்துவரிடம் வரும் குடும்பம் சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் எடுத்து முடித்திருக்கும். மூளை சுருங்கியிருப்பதையும் இரத்தக்குழாய்ச் சேதத்தையும் அந்தப் படங்கள் காட்டும். எந்தப் புரதம் படிந்திருக்கிறது என்பதை அவை காட்டமாட்டா. நோயின் பெயரோ அந்தப் புரதத்தில்தான் இருக்கிறது. அமிலாய்டும் டௌவும் சேர்ந்தால் அல்சைமர். ஆல்ஃபா சினுக்ளின் என்றால் பார்கின்சன் அல்லது லூயி உடல் மறதிநோய். நெற்றிப்பொட்டு மறதிநோய்களில் பலவற்றுக்கு டிடிபி-43.

1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையைப் பற்றிப் பேசியபோது, அவரிடம் இருந்தவை வெள்ளி உப்பால் சாயமேற்றிய திசுச் சீவல்கள். அந்த நோயாளி அவுகுஸ்ட டேட்டர் அதே ஆண்டு ஏப்ரலில் இறந்திருந்தார். அதற்குப் பின் ஏறக்குறைய நூறாண்டு காலம் இந்த நோயை உறுதிசெய்ய வேறு வழி கிடையாது. நோயாளி இறக்க வேண்டும், மூளையை வெட்ட வேண்டும், சாயம் போட வேண்டும்.

சாயம்தான் வழியையும் காட்டியது. பருத்தித் துணிக்குச் சிவப்பேற்ற 1884இல் கண்டுபிடிக்கப்பட்ட காங்கோ ரெட், அமிலாய்டைப் பற்றிக்கொள்ளும் என்பது 1920களில் தெரிந்தது. 1959இல் தியோஃபிளேவின் டி என்ற மஞ்சள் சாயமும் சேர்ந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் வில்லியம் கிளங்கும் வேதியியலாளர் செஸ்டர் மாத்திஸும் கேட்டது எளிய கேள்வி: இறந்தவரின் சீவலில் ஒட்டும் சாயத்தை உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் அனுப்ப முடியாதா? காங்கோ ரெட் போகாது. அதன் மூலக்கூறு பெரியது, மின்னேற்றம் உள்ளது, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. அதன் உறவுக்காரச் சாயங்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பல ஆண்டுகள் போயின. கடைசியில் தியோஃபிளேவினிடம் வந்தார்கள். அதில் இருந்த நேர் மின்னேற்றத்தை நீக்கினார்கள். மின்னேற்றம் போனதும் மூலக்கூறு தடுப்பைத் தாண்டியது. அமிலாய்டை முன்னைவிட இறுக்கமாகவும் பற்றியது.

2002 பிப்ரவரி 14 அன்று சுவீடனின் உப்சாலா நகரில் முதல் அல்சைமர் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி, சுருக்கமாகப் ‘பிப்’, என்ற பெயரை வைத்தவர்களும் உப்சாலாக்காரர்களே. 2004இல் 16 நோயாளிகளையும் நோயற்ற 9 பேரையும் ஒப்பிட்டு முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளின் முன்மூளைப் புறணியில் தடங்காட்டி ஏறக்குறைய இருமடங்கு தங்கியிருந்தது. அந்த முதல் நோயாளி பின்னர் இறந்தார். அவருடைய மூளைத் திசுவையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. படத்துக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. அதைச் சரிபார்த்த ஆய்வைப் பற்றித் துறைக்கு வெளியே பேசியவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்தத் துறை நிற்பது அந்தச் சரிபார்ப்பின்மேல்தான்.

ஒரு தடங்காட்டியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை நெருங்கிப் பார்க்கலாம். இறந்தவர் தானமாகத் தந்த மூளையை உறைய வைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய தடங்காட்டியை மிகக் குறைந்த செறிவில் கரைத்து, சீவலை அதில் ஊற வைக்கிறார்கள். பிறகு கழுவுகிறார்கள். எவ்வளவு நேரம், எந்தக் கரைசலில் கழுவுவது என்பதிலேயே பாதி வித்தை அடங்கியிருக்கிறது. கழுவிய தகட்டைக் கதிர் உணரும் திரைமேல் வைத்தால் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே கருமை விழும். பக்கத்து அறையில் அதே மூளையின் அடுத்த சீவலுக்கு நோயெதிர்ப்பொருள் சாயம் போட்டிருப்பார்கள். கருமை விழுந்த இடமும் புரதம் தெரியும் இடமும் ஒன்றாக வர வேண்டும். அதோடு முடியவில்லை. இன்னொரு சீவலில், கதிரியக்கம் இல்லாத அதே மூலக்கூறை ஏராளமாகச் சேர்ப்பார்கள். உண்மையான பிடிமானமாக இருந்தால், இடம்பிடிக்கும் போட்டியில் தோற்றுக் கருமை மறைய வேண்டும். மறையாமல் நின்றால் அது புரதத்தைப் பிடிக்கவில்லை, கொழுப்பில் வெறுமனே ஊறியிருக்கிறது என்று பொருள்.

அல்சைமர் மூளையில் மட்டும் பார்த்தால் போதாது. அந்த நோய் இல்லாமல் இறந்தவரின் மூளை, பார்கின்சன் மூளை, நெற்றிப்பொட்டு மறதிநோய்களில் ஒன்றான பிக் நோய் கண்ட மூளை, பக்கவாதம் கண்ட மூளை என எல்லாவற்றின்மேலும் ஊற்றிப் பார்க்க வேண்டும். எதில் ஒட்டக்கூடாதோ அதில் ஒட்டாமல் இருப்பதும் தேர்வில் ஒரு பாடம்.

திசுத் தேர்வு முடிந்தபின் விலங்குகள். இங்கே எலி பெரிய ஏமாற்றம் தந்தது. மனிதரின் அல்சைமர் மரபணுவைப் புகுத்திய எலிகளின் மூளையில் அமிலாய்டு கொட்டிக் கிடந்தும் பிப் அதில் சரியாக ஒட்டவில்லை என்று 2005இல் கிளங்கின் குழுவே எழுதியது. வேதிப்பொருள் ஒன்றுதான், அடுக்கு வேறு. மனித மூளையில் பிப் நுழைந்து உட்காரும் குறுகிய பள்ளங்கள் எலியின் அமிலாய்டில் அரிதாகவே இருந்தன. எலியோடு நிறுத்தியிருந்தால் இந்தத் துறையின் மிகச் சிறந்த தடங்காட்டி குப்பைக்குப் போயிருக்கும்.

மனிதர்களிலும் விதிவிலக்கு உண்டு. சுவீடனில் ‘ஆர்க்டிக்’ என்ற மரபணு மாற்றம் கொண்ட ஒரு குடும்பம். அதில் நோய் கண்டவர்களின் தண்டுவடத் திரவம் அல்சைமரைக் காட்டியது. பிப் ஸ்கேன் கிட்டத்தட்ட வெறுமையாக வந்தது. அவர்களுடைய அமிலாய்டு இறுகிய கரு இல்லாமல் வேறு விதமாகச் சேர்ந்திருந்தது. இந்த மாற்றத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த எதிர்ப்பொருள்தான் லெக்கனமேப். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் முழு அனுமதி தந்த அதே மருந்து. தடங்காட்டியின் கண்ணுக்குத் தப்பிய ஒரு குடும்பம் சிகிச்சைக்கு வழி திறந்தது.

ஆளுக்கு ஆள் மாறாத சான்று பிரேதப் பரிசோதனை ஒன்றே. ஃபுளோர்பெட்டாபிர் என்ற ஃபுளோரின்-18 தடங்காட்டிக்கு அனுமதி கேட்ட நிறுவனம், ஆயுளின் கடைசி மாதங்களில் இருந்தவர்களை அணுகியது. இறப்பதற்கு முன் ஸ்கேன், இறந்தபின் மூளை. முதலில் 35 பேர், பிறகு 59 பேர். ஸ்கேன் எடுத்து இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்களில், அமிலாய்டு உள்ளவர்களை அது 92 விழுக்காடு சரியாகக் கண்டது. சாகப்போகும் நிலையில், தமக்கு எந்தப் பயனும் வராது என்று தெரிந்தே, அரை மணிக்கு மேல் ஸ்கேன் கருவிக்காகக் காத்துப் படுத்த அந்த மனிதர்களின் பெயர் எந்த மருந்துப் பெட்டியிலும் இல்லை. இன்று உலகில் எங்கு எந்த அமிலாய்டு படத்தைப் படித்தாலும் அவர்களுடைய உடலின் சாட்சி அதில் சேர்ந்திருக்கிறது.

அவ்வளவுக்குப் பிறகும் அனுமதி உடனே கிடைக்கவில்லை. 2011 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, கையில் உள்ள சான்றை வைத்து அனுமதிக்க வேண்டாம் என்று 13க்கு 3 என்ற கணக்கில் வாக்களித்தது. மருந்தில் குறை இல்லை. படத்தைப் படிப்பவர்கள் ஒரே படத்துக்கு வேறு வேறு முடிவு சொன்னார்கள். படிப்பவர்களுக்கு முறையான பயிற்சி ஏற்படுத்தினால் அனுமதிக்கலாம் என்று அதே குழு ஒருமனதாகச் சொன்னது. 2012 ஏப்ரலில்தான் அனுமதி வந்தது.

ஏன் படிப்பது கடினம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தடங்காட்டிகள் கொழுப்பை விரும்புபவை. நோயே இல்லாதவரின் மூளையிலும் உட்புற வெண்பொருளில் அவை தங்கும். நல்ல மூளையின் படத்தில் கிளை விரித்த மரம்போல வெண்பொருள் கறுத்துத் தெரியும், வெளிப்புறணி வெளுத்திருக்கும், இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு இருக்கும். அமிலாய்டு படியும்போது புறணியும் கறுக்க, அந்தக் கோடு அழியத் தொடங்கும். படிப்பவர் தேடுவது புதிதாக முளைத்த வெளிச்சத்தை அல்ல, அழிந்துபோன எல்லையை. வயதால் புறணி மெலிந்த மூளையில் அந்த எல்லை தானாகவே மங்கிப்போகும். அங்கேதான் தேர்ந்தவரும் தடுமாறுவார்.

அமிலாய்டைவிட டௌவின் கதை பாடம் நிறைந்தது. ஜப்பானின் தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்கே-5351 நல்ல படம் தந்தது. நோயின் நிலைக்கு ஏற்பப் படம் மாறியது. உலகமெங்கும் அதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு ஒரு எளிய காரியம் செய்தது. பார்கின்சன் நோய்க்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் செலிஜிலின் மாத்திரையை 10 மில்லிகிராம் கொடுத்துவிட்டு, அதே நபர்களை மறுபடியும் ஸ்கேன் செய்தது. செலிஜிலின் டௌவைத் தொடாது, மூளையின் துணைச் செல்களில் உள்ள மாவோ-பி என்ற நொதியை மட்டும் அடைக்கும். டௌ மாறவில்லை, படமோ இடத்துக்கு இடம் 37 முதல் 52 விழுக்காடு வரை மங்கிப்போனது. அதாவது மின்னியதில் பெரும்பங்கு நொதியால் வந்தது. 2017இல் அந்த முடிவு வெளியானபின் டௌ தடங்காட்டியாக அதன் காலம் முடிந்தது. தோஹொக்கு ஆய்வர்கள் சோர்ந்துவிடவில்லை. அதே மூலக்கூறைத் திருத்தி, மாவோ-பியையே படமெடுக்கும் வேறொரு தடங்காட்டியாக மாற்றினார்கள்.

ஒரே ஒரு பழைய மாத்திரை, ஒரே ஒரு மறு ஸ்கேன். இதைவிட நேர்மையான உரைகல் மருத்துவ ஆய்வில் அதிகம் இல்லை. படம் நோயோடு சேர்ந்து மாறுகிறது என்பது மட்டும் சான்றாகாது, ஏனென்றால் நோய் வளரும்போது துணைச் செல்களும் வீங்கும், நொதியும் கூடும். எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

2020 மே மாதம் அனுமதி பெற்ற ஃபுளோர்டௌசிபிர் இந்தத் தேர்வுகளைத் தாண்டி வந்தது, அதுவும் தழும்புகளோடு. மூளையின் அடிக்கணுத் திரள்களிலும் கருநிறமி உள்ள செல்களிலும் டௌ இல்லாமலே அது தங்கும். 64 பேரின் பிரேதப் பரிசோதனையை ஒப்பிட்டபோது, முற்றிய டௌ முடிச்சுகளை 92.3 விழுக்காடு கண்டுபிடித்தது. முடிச்சு அந்த அளவு முற்றாதவர்களை 80 விழுக்காடு சரியாக விலக்கியது. பிக் நோயின் டௌவை அது நன்றாகப் பற்றுவதில்லை. காரணத்தை 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் காட்டியது. உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் அல்சைமர் டௌ இழையின் வடிவம் அணு அணுவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு பிக் நோயின் டௌவைப் பார்த்தபோது மடிப்பே வேறாக இருந்தது. பெயரில் ஒரே புரதம், மடிப்பில் வேறு, தடங்காட்டி பிடிப்பது மடிப்பைத்தான்.

இந்த இடத்தில் மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லெபோ பசார் மளிகைக் கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும், நாசி கண்டார் குழம்பில் கரையும் அதே மஞ்சள். அதன் நிறமியான குர்க்குமினுக்குக் காங்கோ ரெட்டைப் போல இரு முனையிலும் வளையங்கள், நடுவில் பாலம். அது அமிலாய்டில் ஒட்டும், ஒட்டினால் ஒளிரும். 2005இல் கலிஃபோர்னியா ஆய்வர்கள் இதை எலிகளில் காட்டினார்கள். 2006இல் தென்கொரியக் குழு அதோடு ஃபுளோரின்-18ஐ இணைத்துத் தடங்காட்டி செய்யவே முயன்றது. விழித்திரையில் அமிலாய்டைத் தேட, குர்க்குமின் கொடுத்துக் கண்ணைப் படமெடுக்கும் முயற்சியும் நடந்தது. தமிழ்ச் சமையலறையின் பொருள் உலக ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது உண்மை, பெருமைக்கும் உரியது.

பெருமையைத் தாண்டிச் சொல்ல வேண்டியதும் உண்டு. உடலின் அமிலத்தன்மைக்கு இணையான கரைசலில் குர்க்குமின் சில நிமிடங்களில் சிதையும். குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுவது மிகக் கொஞ்சம். ஆய்வகச் சோதனைகள் பலவற்றில் அது எல்லாவற்றோடும் ஒட்டிப் பொய்யான நம்பிக்கை தரும் என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்தார்கள். 2018இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு சோதனை வந்தது. நன்கு உறிஞ்சப்படும்படி செய்த குர்க்குமினை, மறதிநோய் இல்லாத 40 பேரில் ஒரு பகுதியினருக்கு 18 மாதம் கொடுத்தார்கள். அவர்களுடைய நினைவாற்றல் தேறியது, மூளையின் சில இடங்களில் தடங்காட்டிப் பிடிமானமும் குறைந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அங்கே பயன்படுத்திய எஃப்டிடிஎன்பி என்ற தடங்காட்டி அமிலாய்டையும் டௌவையும் ஒருசேரப் பற்றும். படத்தில் குறைந்தது எது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனைக்குள்ளானது குர்க்குமின். அளவுகோலின் சோதனை முடியாமலே பாக்கி நின்றது. வயதான பெற்றோருக்காகக் குர்க்குமின் மாத்திரை வாங்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பினாங்குக்கு இப்படிப்பட்ட ஆய்வு எட்டாக்கனி அல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி, கெலுகோர் வளாகத்திலிருந்து முன்னெடுத்த ஒரு சோதனை அதற்குச் சான்று. செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் டோகோட்ரையினால் மூளையின் வெண்பொருள் சேதத்தைத் தடுக்குமா என்பது கேள்வி. 121 தன்னார்வலர்கள், நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் அல்லது வெற்று மாத்திரை, இரண்டு ஆண்டுகள், தொடக்கத்திலும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எம்ஆர்ஐ. வெற்று மாத்திரை எடுத்தவர்களின் சேதம் வளர்ந்தது, மற்றவர்களுடையது அப்படியே நின்றது. யோகேஸ்வரன் கோபாலனை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்தக் கட்டுரை 2014இல் ‘ஸ்ட்ரோக்’ ஆய்விதழில் வந்தது. செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கதிரியக்கவியல் பேராசிரியர் சுபப்பிரியா சுப்பையா, 2019இல் சக ஆய்வர்களோடு அமிலாய்டு ஸ்கேனை யாருக்கு, எப்போது, ஏன், எப்படிச் செய்வது என்று விரிவான மதிப்பாய்வு எழுதினார். ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு பொறுமையாக ஸ்கேனுக்கு வரும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

இங்கே தேவையும் தனியானது. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோரிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு. மலாய்க்காரர்களிடையே 22, சீனர்களிடையே 15.1. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் சிறு குழாய்களைக் கெடுக்கும். ஒரு தோட்டத் தொழிலாளியின் மறதி எவ்வளவு தூரம் குழாயால் வந்தது, எவ்வளவு தூரம் அமிலாய்டால் வந்தது என்பது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அமெரிக்காவின் ‘ஐடியாஸ்’ ஆய்வு 11,000க்கும் மேற்பட்டவர்களை அமிலாய்டு ஸ்கேனுக்கு உட்படுத்தியது. லேசான மறதியும் மறதிநோயும் கொண்ட அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு ஸ்கேனுக்குப் பின் சிகிச்சைத் திட்டமே மாறியது. அதே தரவை இனவாரியாகப் பிரித்தபோது, ஆசிய வம்சாவளியினரிடம் அமிலாய்டு இருப்பதாக வந்த படங்கள் வெள்ளையரைவிடக் குறைவு. மறதி உண்டு, அமிலாய்டு இல்லை. அப்படியானால் வேறு காரணம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நினைவு மருத்துவமனைகளுக்கு வருவோரைப் பிப் மூலம் படமெடுத்த குழுவும், அமிலாய்டோடு சிறுகுழாய்ச் சேதமும் கலந்து கிடப்பதைப் பற்றித்தான் 2020இல் எழுதியது.

மறதி இருந்தும் அமிலாய்டு இல்லாதிருக்கலாம் என்பதை மருந்து ஆய்வுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றன. பாபினியூசுமேப் என்ற எதிர்ப்பொருளின் பெரிய சோதனையில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் மரபணு இல்லாத நோயாளிகள் சிலரை ஸ்கேன் செய்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமிலாய்டே இல்லை. இல்லாத ஒன்றை அகற்றும் மருந்து அவர்களுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பின்னர் வந்த டோனனமேப் என்ற எதிர்ப்பொருளின் சோதனையில் நிலைமை தலைகீழானது. அமிலாய்டு ஸ்கேன் பார்த்துச் சேர்த்தார்கள், டௌ ஸ்கேன் பார்த்து வகைப்படுத்தினார்கள், அமிலாய்டு தீர்ந்ததும் ஊசியை நிறுத்தினார்கள்.

எதிர்த் திசையிலும் எச்சரிக்கை வேண்டும். நினைவு நன்றாக இருப்பவர்களிடமும் 50 வயதில் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் பத்தில் நால்வருக்கு மேலும் அமிலாய்டு இருப்பதாகப் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை கணித்தது. படத்தில் அமிலாய்டு தெரிந்தால் அது அமிலாய்டு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சான்று. மறதிக்கு அதுதான் காரணம் என்ற தீர்ப்பை மருத்துவர் தம் பரிசோதனையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஆரோக்கியமாக இருப்பவர் பயத்துக்காக இந்த ஸ்கேனை எடுப்பது சரியல்ல.

பார்கின்சன் குடும்பங்களுக்குத் தருவதற்கு இன்னும் அதிகம் இல்லை. ஆல்ஃபா சினுக்ளின் அமிலாய்டைவிட மிகக் குறைவாகச் சேரும், செல்லுக்குள் ஒளிந்திருக்கும், பல நேரம் அமிலாய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அமிலாய்டை விட்டுவிட்டு அதை மட்டும் பிடிக்கும் மூலக்கூறு கிடைப்பது அரிது. 2023இல் ஏசிஐ-12589 என்ற தடங்காட்டி, அதே புரதம் படியும் இன்னொரு நோயான பல்மண்டலச் சிதைவு கண்டவர்களின் சிறுமூளையில் வேறுபாடு காட்டியது. பார்கின்சனில் அந்தத் தெளிவு வரவில்லை. டிடிபி-43க்கு மருத்துவமனைப் புழக்கத்தில் எதுவும் இல்லை.

இதற்கிடையே இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌவை இரத்தத்தில் அளக்கும் முதல் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. குளிரூட்டிய குப்பியில் இரத்தம் எங்கிருந்து எங்கும் போகும், 110 நிமிடக் கெடு இல்லை. சைக்ளோட்ரான் தொலைவில் உள்ள ஊர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனாலும் அந்தச் சோதனை சரியா என்று பார்த்தது அமிலாய்டு ஸ்கேனையும் தண்டுவடத் திரவத்தையும் வைத்து. ஸ்கேன் சரியா என்று பார்த்தது இறந்தவரின் மூளையை வைத்து. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு ஏறிவிடும். நீரிழிவு அதிகமுள்ள சமூகத்தில் சிறுநீரகப் பழுதும் அதிகம். ஆகவே வேறு ஊரில் வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே பினாங்கு முதியவர்மேல் வைக்கக்கூடாது. இங்குள்ளவர்களின் இரத்தம், ஸ்கேன், திசு மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபின் வைக்க வேண்டும்.

முதலிரண்டும் பணமும் ஏற்பாடும் இருந்தால் நடக்கும். மூன்றாவதற்குத் தானம் வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தில் 1990களிலிருந்து மூளை வங்கி இயங்குகிறது. சிங்கப்பூரில் 2019இல் ஒன்று தொடங்கியது. மூளை வங்கிகளில் பொதுவாக ஒரு பாதியை ஃபார்மலினில் இடுவார்கள், மறுபாதியை உறைய வைப்பார்கள். தடங்காட்டிச் சோதனைக்குப் பெரிதும் உதவுவது அந்த உறைந்த பாதி. உயிரோடு இருக்கும்போதே ஒப்புதல் தந்திருக்க வேண்டும், இறந்த சில மணி நேரத்திலேயே தகவல் போக வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் எழுவது ஈமச்சடங்கு பற்றிய கவலைதான். உடல் முழுமையாக இல்லாமல் கொள்ளி வைப்பதா, முகம் பார்க்க முடியுமா, எத்தனை நாள் காத்திருப்பது? மூளையை எடுக்கும் கீறல் தலையின் பின்பக்கம் முடிக்குள் மறையும்படி போடப்படும், முகம் மாறாது. எடுத்தபின் உடலைக் குடும்பத்திடமே திருப்பித் தருவார்கள். வீட்டில் கிடத்தி முகம் பார்த்து, வழக்கமான சடங்குகளைச் செய்து தகனம் செய்ய எந்தத் தடையும் இல்லை. இந்த விளக்கம் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அச்சாகியிருக்க வேண்டும்.